டெய்ரி ஃபார்ம் குவாரியில் கயிறில்லாமல் ஏறியவர்கள் யார்?

ஹில்வியூ வாசி:

வணக்கம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஆறு மாதமாக போல்டரிங், அதாவது கயிறில்லாமல் தாழ்வான சுவரிலும் பாறையிலும் ஏறுகிற பைத்தியம் பிடித்து அலைகிறான். வீட்டில் கதவு நிலையைப் பிடித்துத் தொங்குகிறான், என் மனைவி அடுப்படியிலிருந்து கத்துகிறார். பள்ளியில் இப்போது உள்ளூர் வரலாறு பற்றி ஏதோ திட்டப்பணி கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் கம்போங் கிளாம், தேக்கா என்று எடுத்துக்கொள்ள, இவன் "சிங்கப்பூரில் நிஜப் பாறையில் போல்டரிங்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

நாங்கள் இருப்பது ஹில்வியூவில். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா நடக்கிற தூரம். அங்கே இருக்கிற பழைய கல்குவாரியில் கயிறு கட்டி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மெத்தையைக் கீழே போட்டுவிட்டு, கயிறில்லாமல் தாழ்வான பாறையில் ஏறுகிறவர்களை அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படி யாராவது ஏறியிருக்கிறார்களா? எப்போது? எனக்கு நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும், அதனால் என் அனுபவத்திலிருந்து ஒரு வரிகூட அவனுக்குக் கொடுக்க முடியவில்லை.

பழங்கயிறு:

ஏறியிருக்கிறோம். அதற்கு போல்டரிங் என்று பெயர் என்பது மட்டும் தெரியாது.

தேசிய சேவை முடித்த கையோடு, தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். அப்போது பூங்கா கிடையாது. டெய்ரி ஃபார்ம் பூங்காவை 2009இல்தான் திறந்தார்கள். ஹில்வியூ ரயில் நிலையம் வந்தது 2015 கடைசியில். நாங்கள் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பேருந்திலிருந்து இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்போம். லாலாங் புல், கொசு, குரங்கு. குரங்குகளுக்கு எங்கள் ரொட்டிப் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

ஆறு பேர் போவோம், கயிறு ஒன்றுதான். ஒருவன் மேலே, ஒருவன் கீழே கயிறு பிடிப்பான். மீதி நாலு பேர் என்ன செய்வது? சும்மா இருந்தால் கொசு தின்றுவிடும். அதனால் சுவரின் அடியிலேயே, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போவோம். இடது ஓரத்தில் தொடங்கி, கால் தரையில் படாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதுதான் போட்டி. விரல் செத்துப்போகும். கயிற்றில் ஏறியதைவிட அந்தப் பக்கவாட்டு நகர்வில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மெத்தையாவது ஒன்றாவது! எங்களிடம் இருந்தது ஒரு தேங்காய் நார் மிதியடி. அது விழுவதற்கு அல்ல, காலணியில் ஒட்டிய சேற்றைத் துடைக்க. ஒரு நண்பன் அதன் மேல் விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டான். மிதியடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நகர்வின் கடைசியில் ஒரு பிடி உண்டு. செங்குத்தாக, சீவிவிட்ட மாதிரி ஒரு பள்ளம். இரண்டு விரல் அழகாக உட்காரும். நாங்கள் அதற்கு "குழாய்" என்று பெயர் வைத்திருந்தோம். குழாயைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பரோட்டா மற்றவன் செலவு.

சாக்தூசி:

பழங்கயிறு அண்ணா, கதை பிரமாதம். ஆனால் ஒரு சின்னச் சண்டை போடலாமா? நீங்கள் செய்தது கயிறு ஏற்றத்துக்கான பயிற்சி. போல்டரிங் என்றால் அந்தத் தாழ்ந்த பாறையே குறிக்கோளாக இருக்க வேண்டும். இத்தனை நகர்வு, இதுதான் கணக்கு, இதை முடித்தால் முடித்தேன் என்று சொல்ல வேண்டும்.

பழங்கயிறு:

பரோட்டா பந்தயம் குறிக்கோள் இல்லையா, தங்கச்சி?

சாக்தூசி:

சரி, அது நியாயம்தான்! யோசித்துப் பார்த்தால் எல்லா ஊரிலும் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிரான்சில் பாரிஸ் நகரத்துக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காடு இருக்கிறது. மணற்கல் பாறைகள், பலவும் வீட்டுக்கூரை உயரம்கூட இருக்காது. ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் பயிற்சிக்காக அங்கே வந்தார்கள். பியேர் அலென் என்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வழுவழுப்பான ரப்பர் அடி வைத்த ஏறும் காலணியை உருவாக்கியவர் அவர், அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே அந்தக் காலணியை அழைத்தார்கள். போகப்போக சிலருக்கு ஆல்ப்ஸ் மறந்துவிட்டது, காடே போதும் என்று ஆகிவிட்டது. 1947 வாக்கில் அங்கே பாறைகளில் வண்ணத்தில் எண்ணும் அம்புக்குறியும் போட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் சுற்றுகளை அமைத்தார்கள். இன்று நம் ஊர் உள்ளரங்கில் "நான் மஞ்சள் ஏறினேன், சிவப்பு ஏறினேன்" என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு ஒரு பாட்டி அந்தக் காட்டில் இருக்கிறாள்.

அமெரிக்காவில் ஜான் கில். கணிதப் பேராசிரியர், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். 1950களில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் வியர்வை வழுக்காமல் கையில் பூசுகிற சாக் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தார். பயிற்சி என்று சொல்லாமல், இதுவே தனிக் கலை என்று சொன்னவர். அப்புறம் ஜான் ஷெர்மன். டெக்சஸில் ஹூக்கோ டேங்க்ஸ் என்ற இடத்துக்கு வழிகாட்டி நூல் எழுதும்போது, கடினத்தை அளக்க "வி" என்று தொடங்கும் அளவீட்டைக் கொண்டுவந்தார், 1991இல். ஹில்வியூ வாசி அண்ணா, உங்கள் மகன் "வி-3 முடித்துவிட்டேன்" என்று சொல்லியிருப்பானே, அது இதுதான்.

ஹில்வியூ வாசி:

வி-2தான். வி-3 என்று எழுதினால் கோபித்துக்கொள்வான்.

செஞ்சிக்காரன்:

நான் பாறை ஏறுகிறவன் இல்லை. பதினொரு வருடமாக இங்கே கட்டுமான வேலை. ஊர் செஞ்சிப் பக்கம். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கல்குவாரிக்காரர்கள். பழங்கயிறு அண்ணன் சொன்ன "குழாய்" என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அண்ணே, அது இயற்கைப் பள்ளம் இல்லை என்று நினைக்கிறேன். அது தமர்.

கல்லைப் பிளக்க முதலில் துளை போடுவார்கள். எங்கள் பக்கம் அதைத் தமர் என்போம். வரிசையாகத் தமர் போட்டு, மருந்து வைத்து வெடிப்பார்கள். கல் பிளக்கும்போது துளையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி கீழே விழுந்த கல்லோடு போய்விடும், மறு பாதி சுவரில் நிற்கும். பார்த்தால் நெட்டுக்குத்தாக, பாதிக் குழாய் மாதிரியே இருக்கும். நீங்கள் வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாதித் தமரை வைத்தே சுவர் எப்படி என்று சொல்லலாம். அது முழு நீளத்துக்கும் சுத்தமாக, சுற்றிலும் விரிசல் இல்லாமல் நின்றால், மருந்தை அளவாக வைத்திருக்கிறார்கள், பின்னால் இருக்கிற கல் கெட்டி. துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடினால் மருந்து அதிகம், அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். தமரே தெரியாமல் தாறுமாறாக உடைந்திருந்தால் இன்னும் கவனம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே கல் விட்டுப்போயிருக்கிறது.

பழங்கயிறு:

தம்பி, முப்பது வருடமாக அந்தப் பிடியை நான் மழை அரித்த பள்ளம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை மண்ணியல் படித்த ஒருவரிடம்கூட பெருமையாக விளக்கினேன். பாவம், மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் சுவர் முழுக்க ஞாபகத்தில் திரும்ப ஓடுகிறது. குழாய்க்கு இடது பக்கம் சுவர் வழவழவென்று கெட்டியாக இருக்கும். வலது மேல் மூலையில் ஒரு இடத்தைத் தொடவே மாட்டோம், எப்போதும் பொடிக்கல் உதிரும். எங்களுக்குக் காரணம் தெரியாது, பயம் மட்டும் தெரியும்.

காசியூ மாமி:

ஏறுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் டெய்ரி ஃபார்ம் என்ற பெயர் எப்படி வந்தது என்று பையன் கட்டாயம் எழுத வேண்டும். 1930 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் அங்கே நிஜமாகவே மாட்டுப்பண்ணை நடத்தியது. வெள்ளைக்காரர்களுக்குப் பால் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஃப்ரீசியன் மாடுகளைக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்களுக்குத் தேக்காப் பக்கத்துப் பால்காரர்தான், வீட்டு வாசலில் ஊற்றிவிட்டுப் போவார். இப்போது பூங்காவில் இருக்கும் வாலஸ் கல்வி நிலையம் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் வண்டு பிடித்தவர். இரண்டு மாதத்தில் எழுநூறு வகை வண்டு! எனக்கு வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியைப் பிடிக்க அரை நாள் ஆகிறது.

அமைதிக்காடு:

எல்லாரும் ரசிக்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். அந்தக் காட்டில் அழுங்கு இருக்கிறது, பறக்கும் லெமூர் இருக்கிறது. புக்கிட் தீமா குன்றையே 2014 முதல் 2016 வரை முழுதாகவும் பகுதியாகவும் மூடிவைத்துப் பாதைகளைச் சீர் செய்தார்கள், அவ்வளவு கால்கள் மிதித்திருந்தன. இப்போது இந்தப் பையன் கட்டுரையைப் படித்துவிட்டுப் பத்துப் பேர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பாறை தேடிப் போனால்? சாக் பொடியின் வெள்ளைக் கறையை யார் கழுவுவது?

சாக்தூசி:

கசப்பு நியாயமானது. நானே ஒன்று சொல்கிறேன்: மேலே நான் பெருமையாகச் சொன்ன ஹூக்கோ டேங்க்ஸில், பாறை ஓவியங்களைக் காப்பாற்ற, தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற இடத்துக்கே அந்தக் கதி. நமக்கு இருப்பது ஒரு குவாரி. அதிலும் அனுமதி வாங்கித்தான் ஏற வேண்டும்.

நெறியாளர்:

இங்கே ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். காட்டுக்குள் இருக்கும் ஒரு பாறைக்கு வழி சொல்லியிருந்தார்கள். தீவில் இயற்கைப் பாறையில் ஏற அனுமதி உள்ள இடம் டெய்ரி ஃபார்ம் குவாரிதான், அதற்கும் முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு வரைபடம், படம், "எனக்குத் தனியாக அனுப்புங்கள்" எதுவும் வேண்டாம்.

உபின் படகு:

ஏற வேண்டாம், பார்க்கலாம் அல்லவா? அப்படியானால் புலாவ் உபின் தீவைப் பற்றி ஒரு வார்த்தை.

பழங்கயிறு அண்ணன் "மழை அரித்த பள்ளம்" என்றது முழுக்கத் தப்பில்லை, தீவுதான் மாறிப்போனது. உபின் கரையோரப் பாறைகளில், மேலிருந்து கீழாக, விரலால் வழித்துவிட்ட மாதிரி ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் இப்படி அடிக்கடி பார்க்கலாம், கருங்கல்லில் அபூர்வம். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் 1840களிலேயே இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும்.

கல் வெட்டிய கதையும் அங்கே பெரியது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு, 1850 வாக்கில், உபின் கல் போயிருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளும் அந்தத் தீவில் கல் வெட்டினார்கள். ஜொகூர் கடல்பாலத்துக்கும் உபின் கல், புக்கிட் தீமா கல் இரண்டும் போயின. உபினின் கடைசிக் குவாரி 1999இல் மூடியது. இப்போது அவை நீர் நிறைந்த குளங்கள், மேலே நாரைகள்.

செஞ்சிக்காரன்:

அண்ணே, கலங்கரை விளக்கம் சரி, மிச்சக் கல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லையே. ஜல்லியாகப் போயிருக்கும். கான்கிரீட்டில் பெரும்பங்கு ஜல்லியும் மணலும்தான். நீங்கள் குடியிருக்கும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பிளாக், சாலை, ஓடுதளம், எல்லாவற்றிலும் உடைத்த கருங்கல் உண்டு. 2007இல் இந்தோனேசியா மணலை நிறுத்தியது, கருங்கல் படகுகளும் சிக்கின. அப்போது இங்கே இருந்த மூத்த மேஸ்திரிகள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள், கான்கிரீட் விலை அப்படி ஏறியதாம்.

அதனால் தம்பி போல்டரிங் செய்யப் பெரிய பாறை கிடைக்கவில்லை என்றால், அதன் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஹில்வியூ வாசி:

இதை அவனிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். கணீர் என்று கேட்கவில்லையாம், பக்கத்து வீட்டுக்காரர்தான் திரும்பத் தட்டினார்.

ஈரக்கை:

வரலாறு எழுதுகிறவர்கள் வானிலையையும் எழுத வேண்டும். கருங்கல்லில் பிடி நிற்பது உராய்வால். வெளிநாட்டில் கடினமான பாறையை முடிக்கக் குளிர்காலத்துக்குக் காத்திருப்பார்கள், தோல் வியர்க்காது, ரப்பர் நன்றாக ஒட்டும் என்று. நமக்கு ஆண்டு முழுக்க முப்பத்தொரு டிகிரி, காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி நீர் வரும். வழுக்கலான சரிவுப் பிடிகள் இங்கே கனவு. குவாரிச் சுவரில் கூர்மையான விளிம்புகள் இருப்பதால்தான் ஏதோ நடக்கிறது. அந்த விளிம்பையும் வெடிமருந்துதான் கொடுத்திருக்கிறது என்று செஞ்சிக்காரர் சொன்ன பிறகு புரிகிறது. காற்றும் மழையும் உருட்டிய பாறையில் விளிம்பு ஏது?

சாக்தூசி:

இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தேன். நம் ஊர் போல்டரிங் வரலாற்றில் பெரும்பகுதி பாறையில் நடக்கவில்லை, ஒட்டுப்பலகையில் நடந்தது. எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. நான் பாறையைத் தொடுவதற்கு நாலு வருடம் முன்பே போல்டரிங் செய்துகொண்டிருந்தேன், குளிரூட்டிய கூடத்தில், வேலை முடிந்து, அலுவலகச் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு.

அந்தக் கூடங்களில் சுவர் அமைக்கிறவர்கள் ராத்திரி ஏணி போட்டு, பிடிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் புதிய பாதை கட்டுவார்கள். சில வாரம் இருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, வேறு பாதை. ஒரு பச்சைப் பாதைக்கு நான் பதினேழு மாலை செலவழித்தேன். கடைசிப் பிடியை விரல்நுனியால் தொட்ட மறுநாள் போனால் சுவர் மொட்டையாக நிற்கிறது. அதை முடித்தேனா இல்லையா என்று எனக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது.

பழங்கயிறு அண்ணா தொட்ட குழாய் முப்பது வருடம் கழித்தும் அங்கே இருக்கிறது. அந்தப் பொறாமையில்தான் முதலில் சண்டைக்கு வந்தேன், மன்னித்துவிடுங்கள்.

பழங்கயிறு:

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? உங்கள் தலைமுறை செய்கிற நகர்வுகளில் பாதி எங்களுக்குக் கற்பனையிலும் வந்ததில்லை. எங்கள் காலத்தில் ஒலிம்பிக்கில் சுவர் ஏறுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். தோக்கியோவில் நடந்ததை நான் 2021இல் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு போட்டியாளர் பிடிகளின் மேல் ஓடினார், ஆமாம், ஓடினார், கடைசியில் பறந்து போய்ப் பிடித்தார். மகள் கேட்டாள்: "நீங்களும் இதைத்தான் செய்தீர்களா?" நான் காப்பி போடப் போய்விட்டேன்.

ஹில்வியூ வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்காரர் விடுமுறை என்று வந்திருந்தார். மகன், அவர், நான், மூன்று பேரும் குவாரிக்கு நடந்தோம். நாங்கள் ஏறவில்லை. அனுமதி வாங்கி வந்திருந்த ஒரு குழு ஏறிக்கொண்டிருந்தது, அவர்கள் இடம் விட்டதால் சுவர் ஓரம் வரை போக முடிந்தது.

செஞ்சிக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று விரல் நீட்டினார். எனக்கு வெறும் பாறையாகத் தெரிந்ததில் அவருக்கு வரிசை தெரிந்தது, எந்தப் பக்கம் நின்று துளை போட்டிருப்பார்கள் என்பதும் தெரிந்தது. மகன் ஏழு பாதித் தமர்களை எண்ணினான். பழங்கயிறு சொன்ன அடையாளப்படி இடது ஓரத்திலிருந்து நடந்தோம். தோள் உயரத்தில் ஒன்று இருக்கிறது, பாதி பாசி மூடியிருக்கிறது. மகன் பள்ளி அளவுகோலை வைத்துப் பார்த்தான், அகலம் நாலு செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கையால் பிடித்து இயக்கும் துளைக்கருவி போட்ட தமர் அந்த அளவுதான் இருக்கும் என்றார் செஞ்சிக்காரர். அவருடைய அப்பா அந்தக் கருவியைத் தொடையில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பாராம். ராத்திரி சோற்றுக் கையும் நடுங்குமாம்.

மகன் இரண்டு விரலை உள்ளே வைத்தான். சரியாக உட்கார்ந்தது. கட்டுரைத் தலைப்பை மாற்றப்போகிறானாம், என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

செஞ்சிக்காரன்:

சுத்தமான தமர் அண்ணே. சுற்றி ஒரு விரிசல் இல்லை. போட்டவர் வேலை தெரிந்தவர்.

பழங்கயிறு:

பாசியைச் சுரண்டிவிடாதீர்கள். அனுமதிக்கு நான் விண்ணப்பிக்கிறேன், வரும் மாதம் மழை கொஞ்சம் விட்டதும் போகலாம். சாக்தூசி, உங்கள் மெத்தையைக் கொண்டுவாருங்கள். செஞ்சிக்காரத் தம்பி சுத்தியல் கொண்டுவரட்டும். என் மிதியடி இன்னும் வீட்டு பாம் ஷெல்ட்டரில் (குண்டுத் தடுப்பு அறையில்), அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.